கேபிளில் மிச்சம் பிடிக்கலாமா?

புதிதாக மாட்டிய கேமரா இரவானால் மட்டும் அணைந்துவிடுகிறதா? கேமராவைக் குறை சொல்லாதீர்கள், கேபிளைப் பாருங்கள். எங்கள் வீட்டு வாசல் கேமராவிலும் இதுதான் நடந்தது. இருட்டியதும் அதன் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும். கூடுதல் கரண்ட் வேண்டும். அடாப்டர் 12 வோல்ட் கொடுத்தாலும், மட்டமான ஒயரில் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும்.

டிவி, கேமரா இரண்டுக்கும் 75 ஓம் கோஆக்சியல் கேபிள்தான். ஆனால் தேவை வேறு. டிடிஎச் டிஷ்ஷுக்கு ஆர்ஜி6 வாங்குங்கள். நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பாக இருந்தாலும் வீட்டு அளவு தூரத்துக்குப் போதும். அதிக அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும். இங்கே மிச்சம் பிடிக்கலாம்.

கேமராவுக்கு அப்படியல்ல. வீடியோ சிக்னலில் குறைந்த அதிர்வெண்களும் உண்டு. அவற்றுக்கு முழுச் செம்புக் கம்பி நல்லது. 3+1 கேபிள் என்றால், கூடவே வரும் மின் ஒயர்களும் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியத்தில் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

கடையிலேயே சோதியுங்கள். கம்பி காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாமல், பிளேடால் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அடாப்டரைக் கேமராவுக்கு அருகில், மழை படாத இடத்தில் மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு அதுவே கைகொடுத்தது.

டிவியில் படம் போனால் ஒரு சீரியல்தான் போகும். கேமராவில் போனால், திருடன் வந்து போனதே தெரியாது!