ஆவடியிலிருந்து கப்பல் வரை: தடை எங்கே இருக்கிறது?

சக்கர நாற்காலியில் இருப்பவர் பாய்மரக் கப்பலைப் பார்க்க விரும்பினால், 'அந்தச் செங்குத்துப் படிகளில் எப்படி ஏறுவார்?' என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. இதற்குக் கப்பல் கட்டுவோர் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பிரிட்டனில் 1986இல் கடலுக்கு வந்த 'லார்ட் நெல்சன்' பாய்மரக் கப்பலில் தளங்களுக்கிடையே லிஃப்ட், பார்வையற்றோருக்குப் பேசும் திசைகாட்டி என எல்லாம் இருந்தன. மாற்றுத்திறனாளிகள் அதில் மாலுமிகளாகவே பணியாற்றினார்கள். பழைய கப்பலை மாற்றினால் தொன்மை கெடும் என்பாருக்கு 'கட்டி சார்க்' பதில் சொல்லும். 1869இல் கட்டப்பட்ட அந்தத் தேயிலைக் கப்பல், 2007 தீவிபத்துக்குப் பின் சீரமைக்கப்பட்டு 2012இல் லிஃப்ட் வசதியோடு லண்டன் கிரீனிச்சில் திறக்கப்பட்டது. தொன்மை கெட்டுவிடவில்லை.

ஆகவே, பெரிய தடை கப்பலில் இல்லை. கப்பலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. 1997இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த 'ஐஎன்எஸ் தரங்கிணி' போன்ற ஒரு பாய்மரக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, மக்கள் பார்வைக்குத் திறக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்சார ரயில் ஏறினால், துறைமுகத்துக்கு அருகிலுள்ள கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடமும் உண்டு. ஆனால் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் உயர வேறுபாட்டையும் யாராவது தூக்கிவிடாமல் கடக்க முடியாது. நிலையம் வரையுள்ள நடைபாதை பாதியில் முடிந்துவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவற்றால் பயனில்லை.

மெட்ரோ இதில் ஒரு பகுதியைச் சரிசெய்கிறது. அதில் நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் அமைகின்றன. நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. பூந்தமல்லியையும் கலங்கரை விளக்கத்தையும் இணைக்கும் 26.1 கிலோமீட்டர் தடம், மேற்குப் புறநகரைக் கடற்கரையோடு சேர்க்கும். அங்கே மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை, சக்கர நாற்காலியை அலையருகே கொண்டுசென்றது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியபோது, வீண் செலவு என்ற பேச்சு எழுந்தது. புயலில் சாலையும்தான் பெயர்கிறது. அதற்காகச் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மரப்பாதையும் சீரமைக்கப்பட்டது.

'சிலருக்காக இவ்வளவு செலவா?' என்பது அடுத்த வாதம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். சாய்தளமும் லிஃப்டும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் உதவுகின்றன. இன்று படியேறுபவர்களில் பலருக்கும் முதுமையில் அவை தேவைப்படும். வெளியே வருவோர் குறைவு என்பதைத் தேவையின்மைக்குச் சான்றாகக் காட்டுவதும் தவறு. வழியில்லாததால்தான் பலர் வெளியே வருவதில்லை.

சட்டமும் இதைச் சலுகையாகக் கருதவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீராக்க அது தந்த ஐந்தாண்டுக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இனி மாநகராட்சி, ரயில்வே, மெட்ரோ, துறைமுகம் ஆகியவை தத்தம் எல்லையோடு கடமை முடிந்தது என்று நிற்கக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து கப்பல் தளம் வரை முழு வழியையும் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து ஆய்வு செய்து, அறுந்த கண்ணிகளை ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும்.