சின்ன ஜெட், பெரிய வானம் – 9
தீ அணைந்த பிறகும் மின்சாரம் வேண்டும்

மாடல் விமானத்தின் ஜெட் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். அதனாலோ என்னவோ, பேட்டரியைப் பற்றிப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். போன வாரம் எரிபொருள் குழாய்களையும் வடிகட்டியையும் பார்த்தோம். இந்த வாரம் அந்தப் பேட்டரியின் முறை.

1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங், வீட்டுப் பட்டறையிலேயே டர்பைன் செய்யலாம் என்று காட்டினார். அந்தக் காலத்து எஞ்சின்களைக் கிளப்ப வெளியிலிருந்து காற்று ஊத வேண்டும். பற்றவைக்க எரிவாயு வேண்டும். இன்று ரேடியோவில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவது, பற்றவைப்பது, எரிபொருள் பம்ப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாமே ‘இசியூ’ என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. நூறு நியூட்டன் உந்துவிசை தரும் எஞ்சின், ஒரு கிலோ சொச்சம் எடைதான் இருக்கும். அதன் சுழலி நிமிடத்துக்கு 1,50,000 சுற்று வரை போகும். அதை அடக்கி ஆள்வது ஒரு சிறு பேட்டரி.

முதலில் வோல்ட் கணக்கு. இரண்டு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, முழு சார்ஜில் 8.4 வோல்ட். மூன்று செல் லைஃப் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி 11 வோல்ட்டை நெருங்கும். மூன்று செல் லிபோ 12.6. பிளக் ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றிச் செருகிவிடுவது சுலபம்; இரண்டு செல்லுக்கான பெட்டி அங்கேயே கருகிவிடலாம். புதிய பெட்டிகள் சில லிபோ, லைஃப் இரண்டு வகையையும் ஏற்கும். ஆனால் எந்த வகை என்பதை மெனுவில் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பேட்டரி தீரும் நேரத்தை அது தப்பாகக் கணிக்கும்.

ஒயரும் முக்கியம். முக்கால் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், போக வர ஒரு மீட்டருக்குப் பத்து ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். தளர்ந்த பிளக்கும் சேர்ந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த நொடியில் பெட்டி தடுமாறும். ஒயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் வையுங்கள்.

எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, ரிசீவருக்கு வேறு பேட்டரி. இதில் சமரசமே கூடாது. பறக்கும்போது எஞ்சின் பேட்டரி செத்தால் பம்ப் நிற்கும். எரிபொருள் வால்வோ மின்சாரம் இருந்தால்தான் திறந்திருக்கும் வகை, அதுவும் மூடிக்கொள்ளும். தீ அணைந்துவிடும். ஆனாலும் ரிசீவரின் பேட்டரியால் விமானத்தைத் திருப்பும் சர்வோக்கள் உயிரோடு இருப்பதால் விமானத்தை மிதக்கவிட்டு இறக்கிவிடலாம். இரண்டுக்கும் ஒரே பேட்டரி என்றால், கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு விழுவதைப் பார்க்க வேண்டியதுதான்.

இனி, பெரும்பாலானோர் மறக்கிற இடம். விமானம் இறங்கிவிட்டது, எஞ்சினை அணைத்தாயிற்று. தீ போய்விட்டாலும் பின்பக்க டர்பைன் சக்கரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது; ஓடும்போது வெளியேறும் வாயுவே 600, 700 டிகிரி. அந்த வெப்பம் தண்டு வழியாகப் பின் பேரிங்குக்கு இறங்கும். எரிபொருளில் கலந்த எண்ணெய்தான் பேரிங்குக்கு மசகு. எரிபொருள் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் எண்ணெய் அங்கேயே கருகிப் படியும். இதைத் தடுக்கத்தான் இசியூ ஸ்டார்ட்டர் மோட்டாரை விட்டு விட்டுச் சுழற்றி, வெப்பம் 100 டிகிரியளவுக்குத் தணியும்வரை காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ‘உய்ங்... உய்ங்...’ என்று கேட்கும் அந்தச் சத்தத்துக்கு நடுவே, “அதான் நின்னுடுச்சே” என்று பேட்டரியை உருவிவிடுகிறார்கள். நல்ல பேரிங்குகளைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஆகவே பேட்டரியின் கொள்ளளவைப் பறக்கும் நேரத்துக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். கிளப்புவது, பறப்பது, குளிர்விப்பது மூன்றுக்கும் சேர்த்துப் போட்டு, பாதியாவது மிச்சம் இருக்கும்படி வாங்குங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தே விட்டால் முன்பக்கத்திலிருந்து மெதுவாகக் காற்று ஊதிக் குளிரவையுங்கள். பக்கத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் இருக்கட்டும். பவுடர் வகை தீயை அணைக்கும், கூடவே எஞ்சினையும் பாழாக்கும்.

குளிர்ந்து முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இசியூ சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். ஒரு வாரம் மறந்தால் லிபோ தீர்ந்து உப்பிவிடலாம். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். நல்ல பேட்டரியையும் விமானத்துக்கு வெளியே எடுத்து, தீப்பிடிக்காத பெட்டியில் வைத்து, பக்கத்தில் இருந்துதான் சார்ஜ் போட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிறவர்கள், இசியூவின் திரையில் வெப்பம் எவ்வளவு என்று பார்த்த பிறகே பிளக்கில் கை வையுங்கள்.

(தொடரும்)