15 வயதைத் தொடும் டீசல் கார்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

“ஏம்ப்பா, இதை வித்துட்டு ஒரு சின்ன பெட்ரோல் வண்டி எடுத்துடலாமே?”

“விக்கிறதா? இன்னும் பத்து வருஷம் ஓடும்டா இது.”

சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கம் பல வீடுகளில் இந்த வருஷம் நடக்கக்கூடிய உரையாடல் இது. காரணம், ஆர்சி புத்தகத்தில் இருக்கும் ஒரு தேதி. 2011, 2012ல் வாங்கிய டீசல் கார்களுக்கு 2026, 2027ல் 15 வயது முடிகிறது. அதோடு பதிவும் காலாவதியாகிறது.

அந்த இரண்டு வருஷத்தில் ஏன் இத்தனை டீசல் கார்? 2010 ஜூனிலேயே பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டார்கள். டீசல் விலையை அரசு 2014 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. 2012ல் லிட்டருக்கு 30 ரூபாய் வரைகூட வித்தியாசம் போனது. ஷோரூமில் டீசலுக்குக் கூடுதலாக ஒரு லட்சம் கொடுத்தாலும் சில வருஷத்தில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள் அப்பாக்கள். அந்தக் கணக்கு அன்றைக்குச் சரி. 2025ல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலே, டீசல் 92 ரூபாய் சொச்சம். வித்தியாசம் எட்டு ரூபாய்தான்.

‘டெல்லி மாதிரி நம்ம வண்டியையும் பிடிப்பாங்களா?’

பலருக்கும் முதல் பயம் இதுதான். தமிழ்நாட்டில் 10 வருஷ டீசல் தடை கிடையாது. அது டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் போட்ட உத்தரவு. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பழைய வண்டிக்கு டெல்லி பங்க்கில் டீசலே கிடையாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பிஎஸ் 4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது.

சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ் 4 வந்துவிட்டது. ஆக, 2011ல் இங்கே வாங்கிய ஸ்விஃப்ட், ஐ20, ஃபிகோ எல்லாம் பெரும்பாலும் பிஎஸ் 4தான். ஆர்சியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லி தடைக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. டிஎல் பதிவெண்ணோடு இன்னோவாவும் ஃபார்ச்சூனரும் இங்கே மலிவாக வருகின்றன. வாங்குமுன் கணக்குப் போடுங்கள். அங்கிருந்து என்ஓசி வாங்க வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்ட வேண்டும். தாம்பரம் ஆர்டிஓவில் டிஎன் 11 நம்பர் வாங்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் ‘மலிவு’ பாதியாகிவிடலாம்.

15 வருஷம் முடிந்தால் என்ன செய்ய வேண்டும்?

வண்டியைக் காட்டி, தகுதிச் சோதனையில் தேறி, பதிவை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் ‘எஃப்சி காட்டுறது’. காருக்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் வரை 600 ரூபாய்தான். இப்போது 5,000. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு மாநிலத்தின் பசுமை வரியும் உண்டு. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம்.

500தானே என்று விடாதீர்கள். பதிவு முடிந்த வண்டி விபத்தில் சிக்கினாலோ திருடு போனாலோ இன்சூரன்ஸ் க்ளெய்ம் சிக்கலாகும். தற்காலிகப் பதிவு முடிந்து, நிரந்தரப் பதிவு செய்யாமலே ஓடிய ஒரு புது காரின் திருட்டு க்ளெய்மை நிறுவனம் மறுத்தது சரியே என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புது காருக்கே அந்தக் கதி.

விலை எப்படிப் போடுவது?

இன்சூரன்ஸில் இருக்கும் ஐடிவியைத்தான் பலர் ‘வண்டி விலை’ என்று நினைக்கிறார்கள். முதல் 5 வருஷத்துக்குத்தான் அதற்கு அட்டவணை: ஒரு வருஷம் தாண்டினால் 20 சதவீதம் கழிவு, இரண்டு தாண்டினால் 30, நான்கு தாண்டினால் 50. அதற்குப் பிறகு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான். 14 வயது காருக்கு அந்த எண் சந்தை விலையைச் சொல்லாது.

சந்தையில் விலையை முடிவு செய்வது மூன்று விஷயம்: பதிவு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, சர்வீஸ் பில் இருக்கிறதா, அந்த இன்ஜினுக்குப் பாகம் கிடைக்குமா. மூன்றாவதில் ஒரு கூட்டத்துக்கு அதிர்ஷ்டம். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபியட் புன்ட்டோ, டாடா இண்டிகா விஸ்டா... எல்லாவற்றிலும் இருந்தது ஃபியட்டின் ஒரே 1,248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜின்தான். ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று செல்லப் பெயரே உண்டு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. ஆனால், இதைத் தொடாத மெக்கானிக் இல்லை என்பதால் தெருமுனை ஷெட்டிலேயே வேலை நடக்கும். ஜிஎஸ்டி சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு கார்களின் கதை வேறு. 2021 செப்டம்பரில் நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை முடிப்பதாக அறிவித்தது. பாகமும் சர்வீஸும் தொடர்கின்றன. ஆனாலும் வாங்க வருபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

நாலாவதாக ஒன்று, இந்தப் பகுதிக்கே உரியது: மழை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருக்கள் குளமாயின. 2011 மாடல் கார் என்றால் அன்று அது எங்கே நின்றது என்று கேளுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் காய்ந்த சேறு, சீட் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் கறை - இவை பொய் சொல்லாது. மீட்டரில் இருக்கும் கிலோமீட்டர் சொல்லும்! அதைக் குறைப்பது சின்ன வேலை. கம்பெனி சர்வீஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வண்டி பார்க்கப் போகும்போது, “நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். டீசலின் உடல்நிலை தெரிவது ஆறிய இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான். கறும்புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை. ஏர் ஃபில்டர், ஈஜிஆர் வால்வு, இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெண்புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இன்ஜினைப் பிரிக்கும் செலவு வண்டியின் விலையையே நெருங்கிவிடும்.

வைத்துக்கொள்வதென்றால்...

டீசல் காருக்கு ஆகாதது வேலை வாங்குவதல்ல, வாங்காமல் விடுவதுதான். காலையில் சானடோரியம் ஸ்டேஷன், மாலையில் குரோம்பேட்டை, நடுவில் ஏசியோடு டிராஃபிக் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் இன்ஜின் சரியாகச் சூடாவதே இல்லை. ஈஜிஆர் வால்வில் கரி படிந்துகொண்டே போகும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஜிஎஸ்டி சாலையிலோ வெளிவட்டச் சாலையிலோ அரை மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

நெடுஞ்சாலையில் வேகமாக வந்து, பரனூர் டோல் தாண்டி டீக்கடையைப் பார்த்ததும் சாவியைத் திருகாதீர்கள். டர்போ சுழல்வது ஆயிலை நம்பித்தான். அரை நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஓடவே இல்லை என்றாலும் ஆயிலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மல்டிஜெட்டில் இருப்பது டைமிங் செயின். பழைய ஆயிலோடு ஓட்டினால் அது தளர்ந்துவிடும். டஸ்டர், இன்னோவா 2.5 போன்றவற்றில் இருப்பது பெல்ட். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றாமல் விட்டு அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் காலி.

டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை சர்வீஸில் வடித்தார்களா என்று கேளுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாளியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு உள்ளேயும் படியும்.

மழைக்காலத்தில் ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. டீசல் இன்ஜின் காற்றை 16, 17 மடங்கு அழுத்துகிறது. தண்ணீர் அழுந்தாது, பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இந்தச் சேதம் பெரும்பாலும் வராது. இதற்கென்று இருக்கும் இன்ஜின் பாதுகாப்பு இணைப்பைப் பழைய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் தருவதும் இல்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைப் பார்த்து மீம் போட்டோம். அவர்கள் செய்தது சரியான காரியம்.

கணக்கு என்ன சொல்கிறது?

டீசல் லிட்டருக்கு 20 கி.மீ., அதே அளவு பெட்ரோல் கார் 15 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு டீசலில் சுமார் 3,100 ரூபாய் மிச்சம். சிறுசேரிக்கு தினமும் போய்வந்து, மாதம் ஒருமுறை ஊருக்கும் போகிறவர் இந்த ரகம். வண்டி நல்ல நிலையில் இருந்தால் 5,000 கட்டிப் புதுப்பிப்பதுதான் லாபம். மாதம் 400 கி.மீ. ஓட்டுபவருக்கு மிச்சம் 850 ரூபாயைத் தாண்டாது. ஒரு இன்ஜெக்டர் மக்கர் செய்தால் அதுவும் போச்சு. அவர் விற்பதே மேல். அதையும் பதிவு முடிவதற்கு முன்பே செய்வது நல்லது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது பர்ஸில் தெரியாது. பிஎஸ் 4 டீசல் காருக்கு அனுமதித்த நைட்ரஜன் ஆக்ஸைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம். பிஎஸ் 6க்கு 80தான். நுண்துகள் 25லிருந்து 4.5 ஆகியிருக்கிறது. பங்க்கில் ஐந்து நிமிஷத்தில் தரும் பொல்யூஷன் சான்றிதழ் டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதே இல்லை. ‘பாஸ் ஆயிடுச்சு’ என்பதற்கு ‘சுத்தமான வண்டி’ என்று அர்த்தமில்லை.

புதுப்பிப்பதென்று முடிவானால், தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சோதனைக்கு முன் ஹெட்லைட், பிரேக், டயர், ஹேண்ட்பிரேக், வைப்பர் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பாக்கி அபராதம் ஏதாவது இருக்கிறதா என்று பரிவாகன் தளத்திலும் பார்த்துவிடுங்கள். அப்பா ஓட்டிய வண்டி. உங்களுக்குத் தெரியாத சிக்னல் ஜம்ப் ஒன்றிரண்டு இருக்கலாம்.