கோவிட் போன பிறகும் ஏன் களைப்பு?

வா கண்ணு, உட்கார். "தடுப்பூசி போட்டவங்களுக்கும் கோவிட் வந்ததே மாமா, அப்புறம் ஊசி எதுக்கு?" என்று கேட்டாயே, சபாஷ்! பெரியவர்கள் பலர் இதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நீ காத்திரு. முதலில் கோவிட் விட்டுச்செல்லும் களைப்பைப் பார்ப்போம், உன் பதில் அதில்தான் இருக்கிறது.

கோவிட் வந்தவர்களில் பலர் இரண்டொரு வாரத்தில் தேறிவிட்டார்கள். சிலருக்குக் காய்ச்சல் போயும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. படித்த வரி மனதில் நிற்கவில்லை. அடுப்பில் ரசம் கொதித்தாலும் வாசனை தெரியவில்லை. மூன்று மாதமாகியும் இப்படித் தொடர்ந்தால் அதுதான் லாங் கோவிட்.

ஏன் அப்படி? ஒரு மாந்தோப்பில் குரங்குக் கூட்டம் புகுந்ததாக வைத்துக்கொள். காவல்காரர் உடனே விரட்டினால் நாலு காயோடு போகும். தாமதமாக வந்தால்? குரங்குகள் ஓடினாலும் முறிந்த கிளை முறிந்ததுதான். ஒன்றிரண்டு இலைமறைவில் ஒளிந்தும் இருக்கும். லாங் கோவிட்டிலும் வைரஸின் மிச்சம் உடம்பில் தங்கியிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். தடுப்பூசி, உடம்பின் காவல்காரருக்கு முன்கூட்டியே தரும் பயிற்சி. வைரஸ் நுழையலாம், ஆனால் சீக்கிரம் விரட்டப்படும். புரிகிறதா?

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் ஸியாத் அல்-அலி என்ற மருத்துவரின் குழு, தொற்று வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி, 2024-ல் முடிவை வெளியிட்டது. ஒமிக்ரான் என்ற மாறிய வைரஸ் பரவிய காலத்தில் தொற்று வந்தவர்களை மட்டும் பார். ஊசி போடாத 100 பேரில் சுமார் 8 பேருக்கு லாங் கோவிட். போட்டவர்களில் 3 அல்லது 4 பேருக்குத்தான். ஊசியே இல்லாத ஆரம்ப காலத்தில் இது 100-க்கு 10. வைரஸ் மாறியதும் குறைந்ததற்கு ஒரு காரணம். ஆனால் பெரிய பங்கு ஊசியினுடையது.

ஒன்று கவனித்தாயா? அந்தப் படைவீரர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். அந்த எண்ணை அப்படியே உன் வகுப்புக்குப் போட்டுப் பார்க்காதே.

ஏற்கெனவே லாங் கோவிட் வந்தவர் ஊசி போட்டால் குணமாகுமா? சிலருக்குத் தொல்லை குறைந்தது, சிலருக்கு மாறவே இல்லை, சிலருக்குக் கூடியது. ஊசி வருமுன் காப்பது. வந்த பிறகு தீர்க்கும் மருந்தாக அதை நினைக்கக் கூடாது.

ஊசி போட்டும் சிலருக்கு லாங் கோவிட் வரும். கோவிட் வந்து போன நண்பன் விளையாட்டு பீரியடில் சோர்ந்து உட்கார்ந்தால், "சோம்பேறி" என்று கேலி செய்யாதே. அவன் வீட்டில் சொல்லி டாக்டரைப் பார்க்கச் சொல்.