கத்திக்கொண்டே இருக்கும் மாடும் ஹார்மோன் ஊசியும்

“சார், மாடு வாரத்துக்கு ஒருக்கா கத்துது. மூணு தடவை ஊசி போட்டாச்சு, சினை நிக்கல. வித்துடலாமா?”

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மாடு வைத்திருக்கும் நண்பர்கள் இப்படிக் கேட்பதுண்டு. விற்பது என்றால் அநேகமாக அடிமாட்டுக்குத்தான். காப்பிக்கும் மிளகுக்கும் சாணம் தந்த மாடு மலை இறங்கிவிடும். அதற்கு முன் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டி ஏன் வருகிறது?

நல்ல பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைப்பையில் முட்டையைத் தாங்கிய நீர்க்கொப்புளம் வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அதனால்தான் மாடு கத்துகிறது. அந்த நேரத்தில் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்ற ஹார்மோனை ஒரே வீச்சில் விட வேண்டும். விட்டால் கொப்புளம் உடைந்து முட்டை வெளிவரும். விடாவிட்டால் உடையாமல் வீங்கி, 2.5 சென்டிமீட்டருக்கும் பெரிதாகிப் பத்து நாளுக்கு மேல் நிற்கும். முட்டையே வராதபோது சினை ஊசி போட்டு என்ன பயன்? இதில் சில மாடுகள் அடிக்கடி கத்தும். சில கத்தவே கத்தாது.

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதத்தில், நிறையக் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கு இது அதிகம் வரும். வங்கிக் கணக்கில் சொன்னால், வரவை மிஞ்சிய செலவு. தின்பது போதாமல் உடம்பு கரைகிறது. ஹார்மோன் ஒழுங்கு கெடுகிறது. நம் மலையில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் மக்காச்சோளத் தீவனம் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சண நஞ்சுகள் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும். அதைக் கொடுக்காதீர்கள்.

சான்று போய்விடுமா?

‘இயற்கை விவசாயத்தில் ஹார்மோன் ஊசியா?’ என்று பலர் தயங்குகிறார்கள். மந்தை முழுவதையும் பருவத்துக்குக் கொண்டுவர ஹார்மோன் போடுவதைத்தான் நமது தேசிய இயற்கை உற்பத்தித் தரநிலை தடுக்கிறது. நோயுள்ள தனி மாட்டுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் போட இடம் தருகிறது. மருத்துவர் கைவிட்டுப் பார்த்து முதலில் சினை இல்லை என்று உறுதி செய்யட்டும். கட்டியில் இரண்டு வகை. இரண்டுக்கும் ஊசி வேறு. ஒருவகை ஊசி சினைமாட்டுக்குக் கருவைக் கலைத்துவிடும். கட்டியைக் கையால் நசுக்கி உடைக்க யாரையும் விடாதீர்கள். சினைப்பை புண்ணாகி ஒட்டிக்கொள்ளும்.

நம் கைவைத்தியம்

சினை நிற்காத மாடுகளுக்குக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறையைத் தேசியப் பால்வள வாரியமும் சொல்கிறது. பருவத்துக்கு வந்த முதல் அல்லது இரண்டாம் நாள் தொடங்கி, தினம் ஒருவேளை, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பச்சையாகக் கொடுக்க வேண்டும்:

வெள்ளை முள்ளங்கி – தினம் 1, ஐந்து நாள்
சோற்றுக் கற்றாழை – தினம் 1 மடல், நான்கு நாள்
முருங்கைக்கீரை – 4 கைப்பிடி, நான்கு நாள்
பிரண்டை – 4 கைப்பிடி, நான்கு நாள்
கறிவேப்பிலை, மஞ்சளுடன் – 4 கைப்பிடி, நான்கு நாள்

சினை பிடிக்காவிட்டால் இன்னொரு சுற்று. ஆனால் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் இதையே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மாட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஈன்ற தேதி, கத்திய தேதி, ஊசி போட்ட தேதி, அவ்வளவுதான். இடைவெளி 21 நாளில் இருந்து எட்டு, பத்து என்று குறைந்தாலோ, ஈன்று இரண்டு மாதமாகியும் கத்தவில்லை என்றாலோ, வியாபாரியைக் கூப்பிடும் முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.