ரப்பர் வைக்காத கணக்குப்பிள்ளை

தட்டெழுத்து, சுருக்கெழுத்து, கணக்கு. இந்த மூன்றில் ஒன்றைக் கற்றுக்கொண்டு தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் குடியேறிய இடம் மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை இங்கே தொடங்கும் அளவுக்கு அவர்கள் வேரூன்றினார்கள். 1966-இல் பிறந்த சிவசேனையின் கோபம் முதலில் பாய்ந்ததும் தென்னிந்தியர் உட்கார்ந்திருந்த அந்த அலுவலக நாற்காலிகள் மீதுதான்.

அந்தத் தலைமுறைக்குச் சில கைப்பழக்கங்கள் உண்டு. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லையா? வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், 54-ஐ யாரோ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். பாதியாக்கிப் பார்ப்பது இன்னொரு வழி. அந்தத் தொகை ஏட்டில் கிடைத்தால், பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருக்கக்கூடும்.

1986-இல் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் மகன் பாரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்த டாலி என்ற கணக்கு மென்பொருள், இந்த வித்தையை வேலையற்றதாக்கியது. இருபுறமும் சமமாகாத வவுச்சரை அது ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆனால் முதலாளி வீட்டு வாடகையைக் கடைச் செலவில் எழுதினால், மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்ளும். கூட்டல் போனது, யோசனை போகவில்லை.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் வேலையின் முகமே மாறிவிட்டது. மாதக் கணக்கு தருபவர்கள் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தைப் பதிய வேண்டும். வாங்கியவர் எவ்வளவு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் 2பி அறிக்கை 14-ஆம் தேதி இணையதளத்தில் தயாராகும். தாராவிப் பட்டறைக்காரர் ஒருவர் 18% வரியுள்ள சரக்கை ஒரு லட்சத்துக்கு வாங்கி, வரி ரூ.18,000-ஐயும் கட்டிவிட்டார் என்று வையுங்கள். விற்றவர் அந்த பில்லைப் பதியாவிட்டால், அது 2பி-யில் வராது. அந்த மாதம் தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து ரூ.18,000-ஐக் கழித்துக்கொள்ளவும் முடியாது. 2022 முதல் இதுதான் சட்டம். ஆகவே 14-க்கும், வரி கட்டக் கடைசி நாளான 20-க்கும் நடுவே கணக்கர் கையில் இருப்பது பேனா அல்ல, போன். “சேட், பில்லை ஏத்திட்டீங்களா?” தன் ஏடு சுத்தமாக இருந்தால் போதாது, அடுத்தவன் ஏடும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. சிறு வியாபாரிக்கு இது அநியாயமான சுமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மென்பொருள் நம்மைக் கெடுத்தது. பழைய கணக்குப்பிள்ளை பேரேட்டில் சுரண்டமாட்டார். தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போடுவார், பழையதும் கண்ணில் படும். கணினியிலோ மார்ச் மாத வவுச்சரைச் செப்டம்பரில் சத்தமில்லாமல் திருத்தலாம். இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கம்பெனிச் சட்ட விதி இதற்குக் கடிவாளம் போட்டது. ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அப்படிப் பதியும் வசதியை நிறுத்தி வைக்கவும் கூடாது. தாத்தா காலத்து ஒழுங்குதான், இப்போது சட்டமாக வந்திருக்கிறது.

ஆனால் இந்த விதி கம்பெனிகளுக்கு மட்டும். தனி உரிமையாளரையும் சாதாரணக் கூட்டு வியாபாரத்தையும் அது கட்டுப்படுத்தாது. கிங்ஸ் சர்க்கிளின் சிறு கடைகளில் பலவும் அந்த ரகம்தான். கட்டாயம் இல்லையென்றாலும் அந்த வசதியைப் போட்டு வையுங்கள். கணக்கைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டும் கொடுங்கள். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால், திருத்தியது யார் என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது.