சேவலும் நாமும்

தோட்டப்புற வீடுகளில் கோழி வளர்ப்பது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். ஆயினும், சிறுவரைத் துரத்தும் சேவலால் அண்டை வீட்டாரிடையே பூசல் விளைவதுண்டு. அதன் கால்முள் குழந்தையின் கண்ணையே கெடுத்துவிடக்கூடும். இச்சினம் எதனால் வருகிறது?

நம் நாட்டுக் காடுகளில் இன்றும் வாழும் காட்டுக்கோழியின் இனத்திலிருந்து வந்ததே வீட்டுக்கோழி. பெட்டைகளைக் காப்பது சேவலின் பிறவிக்குணம். 5 அல்லது 6 மாதங்களில் அது பருவமடையும்போது, தன்னைச் சீண்டுவோரைப் பகைவராகக் கருதுகிறது. கல்லெறிந்தும் கழியால் அடித்தும் விளையாடினால் அதன் சினம் வளருமேயன்றித் தணியாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் இருத்தல் நலம். பெட்டைகள் குறைந்தால் சேவல்கள் தமக்குள் போரிடும். பெட்டைகளின் முதுகு இறகும் உதிரும். தீனியை ஒரே இடத்தில் கொட்டாது பல இடங்களில் தூவவேண்டும். கூண்டில் நெருக்கடி ஆகாது. சேவல் ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நெருங்கினால் ஓடுதலும் உதைத்தலும் கூடா. நிமிர்ந்து நின்று, அது விலகியபின் மெல்ல நடத்தல் வேண்டும். இவ்வளவு செய்தும் அடங்காத சேவலைத் தனியே அடைத்தலே முறை. அதன் வழியில் குஞ்சு பொரிக்கவைத்தலும் தகாது.

மாணவர்களே! சேவல் அடங்கவேண்டுமெனில், முதலில் கல்லெடுக்கும் நம் கை அடங்கவேண்டும்.